சொல்லாத மன்னிப்பு

அவன் தலையைக் குனிந்தான். குனிந்தும் எட்டவில்லை. தொமிகோ குதிகாலை உயர்த்தி, வெள்ளை அலரிப்பூ வைத்துப் பின்னிய தலைமாலையை அவன் நெற்றிக்கு மேலே பொருத்தினாள். மாலை சற்று இறுக்கமாக இருந்தது. இழுத்துவிட அவளுக்கு மனமில்லை. அவன் நிமிர்ந்து, பல் தெரியச் சிரித்து, "கொம்மோல்" என்று அவர்கள் மொழியிலேயே நன்றி சொன்னான். உச்சரிப்பும் சரியாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. கழுத்து அட்டையில் அவன் பெயர் விட்லக் என்றும், அதன் கீழே பார்வையாளர் என்றும் போட்டிருந்தது. அதற்கும் கீழே இருந்த நாட்டின் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. அவளுக்கு அது குண்டு வைத்த நாடு, அவ்வளவுதான்.

பசிபிக் தீவுத் தலைநகரான மஜுரோவின் மாநாட்டுக் கூடத்து வாசலில் மாதர் சங்கத்துப் பெண்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். அணு ஆயுத ஒழிப்புக்கான கூட்டம் அவர்கள் நாட்டில் நடப்பது இதுவே முதல் தடவை. அந்த ஆள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெர்னிஸோடு இடம் மாற்றிக்கொள்ளத்தான் தொமிகோ முயன்றாள். பெர்னிஸ் நகரவில்லை. நகர்வதற்கு அவள் உடம்பும் அவ்வளவு எளிதில் இடம் தராது.

"கொஞ்சம் சிரிச்சா என்னடி, பல்லு கொட்டிடுமா?" என்றாள் பெர்னிஸ்.

"அவன் எந்த நாடுன்னு பாத்தியா?"

"பாத்தேன். நம்ம வாசலுக்கு வந்தவன். வந்தவனுக்குப் பூ வைக்கிறது நம்ம வழக்கம். குண்டு வெடிச்சப்ப இவன் பொறந்தேயிருக்க மாட்டான்."

"இவன் பொறக்கல. இவன் நாடு பொறந்துதானே இருந்துச்சு?"

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா. மாலையை நீட்டு, அடுத்தவர் வந்துட்டாரு பாரு. இவரு ஏதோ குளிர் நாட்டுக்காரர் போல, பாவம், இப்பவே வேத்துக் கொட்டுது."

குண்டு வெடித்தபோது தொமிகோவுக்கு ஐந்து வயது. வடக்கே, அவர்களுடைய தீவில், விடியற்காலையில் மேற்கே ஒரு சூரியன் எழுந்தது. மத்தியானம் வெள்ளைத் தூள் பெய்தது. பிள்ளைகள் அதை அள்ளித் தலையில் தேய்த்து விளையாடினார்கள். இந்தக் கதையை அவள் எத்தனையோ ஊர்களில் சொல்லியாயிற்று. சொல்லிச் சொல்லி அது யாரோ ஒருத்தியின் கதைபோல ஆகிவிட்டது. போன இடமெல்லாம் அவளை முதலில் ஜப்பான்காரி என்றே நினைப்பார்கள். பாட்டனார் காலத்தில் தீவை ஆண்ட ஜப்பானியர்கள் விட்டுப்போன பெயர் அவளுடையது. இல்லை, நாங்கள் வேறு, எங்கள் மேல் போட்டது வேறு, எங்கள் கடலில் மட்டும் சோதனை என்று பல தடவை போட்டார்கள் என்று விளக்கியாக வேண்டும். விளக்கியபின் அழுவார்கள். அழுதபின் கட்டிக்கொள்வார்கள். கட்டிக்கொண்டபின் படம் எடுப்பார்கள். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

இந்த முறை அந்தக் கதையைச் சொல்லப் போவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். சொல்வதற்கு அவளிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அவள் தங்கை நெய்லா.

குண்டு வெடித்து மூன்று வருடம் கழித்து, இனி பயமில்லை, மண் சுத்தம் என்று சொல்லி அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு அடுத்த வருடம் பிறந்தவள் நெய்லா. அந்த மண்ணில் விளைந்த ஈரப்பலாவையும், அந்தக் கரையில் பிடித்த நண்டையும் தின்று வளர்ந்தவள். பதினாறு வயதில் கழுத்தில் கட்டி வந்தது. வருடா வருடம் கப்பலில் வந்து இவர்களை வரிசையில் நிறுத்தி, நெஞ்சில் எண் அட்டையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துப்போன மருத்துவர்களே அவளையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழித்து ஆணி அடித்த பெட்டி ஒன்று வந்தது. திறக்கக் கூடாது என்று அதன்மேல் ஒட்டியிருந்தது. மகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, நல்ல உடுப்புப் போட்டு அனுப்ப வேண்டும் என்று அம்மா கேட்டாள். முடியாது என்றார்கள். பெட்டியை அப்படியே புதைத்தார்கள். ஆறாம் நாள் வழக்கப்படி எல்லோரும் கடற்கரையில் வெள்ளைக் கல் பொறுக்கி வந்து குழிமேட்டில் பரப்பினார்கள். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பரப்பினார்கள்.

பல வருடம் கழித்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வயதான மருத்துவர் ஒருவர் தொமிகோவிடம் சொன்னார்: உன் தங்கை வீணாகப் போகவில்லை அம்மா, அவளிடமிருந்து எடுத்தவற்றை இன்னும் பத்திரமாகக் குளிரில் வைத்திருக்கிறோம், ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி. அவர் நல்ல மனிதர். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். எதை எடுத்தீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள், யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று அவள் அன்றிலிருந்து கேட்கிறாள். அது வேறு அலுவலகம் என்று ஒவ்வொரு அலுவலகமும் சொல்லிவிட்டது.

"இது ஆயுத ஒழிப்பு மாநாடு, தொமிகோ," என்று முந்தின நாள் பிலிப்பா சொன்னாள். பிலிப்பா மெல்போர்ன்காரி. பசிபிக் தீவுகளிலிருந்து பாதிக்கப்பட்டவர்களைத் திரட்டி இப்படிப்பட்ட கூட்டங்களில் பேசவைக்கும் அமைப்பை நடத்துகிறவள். நல்லவள்தான். நடுவே தொமிகோவின் கடைசித் தங்கை மகள் ஹாரியட் உட்கார்ந்து, இருவர் பேச்சையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தனி ஒருத்தரோட கோரிக்கையை அங்க வச்சா, அது வழக்கு மாதிரி ஆயிடும். அரசாங்கப் பிரதிநிதிங்க உடனே காதை மூடிக்குவாங்க. உங்க குழந்தையைப் பத்திச் சொல்லுங்க. எலும்பில்லாமப் பொறந்துச்சே, அது. அது அவங்க மனசை அசைக்கும்."

"போன தடவையும் அசைஞ்சுது. அதுக்கு முந்தின தடவையும் அசைஞ்சுது," என்றாள் தொமிகோ. "அசைஞ்சு எங்க போச்சுன்னு கேளு அவகிட்ட."

ஹாரியட் அதை எப்படிச் சொன்னாளோ, பிலிப்பா தலையாட்டிவிட்டு, "புரியுது, ரொம்ப களைப்பா இருப்பீங்க," என்று தொமிகோவின் தோளைத் தடவினாள்.

களைப்பில்லை. கோபம். ஆயிரக்கணக்கான குண்டுகளை உலகத்தைவிட்டே ஒழிக்கப்போவதாகப் பேசுகிறவர்களுக்கு நெய்லாவை அடைத்த ஒரு கண்ணாடிக் குப்பியைத் திருப்பி வாங்கித் தர வழி தெரியவில்லை என்றால், இவர்கள் எதைத்தான் ஒழிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொன்னால், ஹாரியட் அதையும் களைப்பாக மாற்றிவிடுவாள் என்று பேசாமல் இருந்துவிட்டாள். ஹாரியட் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள்; யாருடைய மனமும் நோகக் கூடாது என்று வளர்ந்தவள். அவள் அம்மாவும் அப்படித்தான். அந்தத் தங்கை இப்போது குண்டு வைத்த நாட்டிலேயே, கோழி வெட்டும் ஆலையில், வலிக்கும் மணிக்கட்டோடு வேலை செய்கிறாள்.

கூட்டம் தொடங்கியதும் நாடுகள் பேசின. ஒவ்வொரு நாட்டுக்கும் ஐந்து நிமிடம் என்றார்கள்; ஒருவரும் ஐந்தில் நிறுத்தவில்லை. எல்லோரும் இந்த மண்ணின் மக்களுடைய துணிவைப் போற்றினார்கள். இரண்டு பேர் கடல் அழகாக இருக்கிறது என்றார்கள். கூடத்தின் கோடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஹாரியட் பேச்சுகளை மாற்றிச் சொல்ல, மற்றவர்கள் அதைக் காதுக் கருவியில் கேட்டார்கள். குளிர்சாதனம் எலும்புவரை குத்தியது. பின்வரிசையில் சங்கத்துப் பெண்கள் ஒருவர் சால்வையை இன்னொருவர் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அவர்களுடைய தீவின் இரோய்ஜ், அதாவது அந்த நிலத்துக்கும் மக்களுக்கும் தலைவரான முதியவர், காதில் கருவியை மாட்டிக்கொள்ளாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் தூங்குகிறாரா கேட்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு நாலு நாற்காலி தள்ளி விட்லக், தலையில் பூவோடு.

மக்கள் அமைப்புகளின் முறை வந்தபோது, கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய தூதர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமின்மை காரணமாக ஒவ்வொருவரும் இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று மிகவும் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார். முதல் பெயர் தொமிகோவுடையது.

நடந்துபோகும்போதே அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தீவுகளில் யாரும் சும்மா எழுந்து பேசிவிட முடியாது. இரோய்ஜுக்கு வணக்கம், நிலத்து மூத்தோருக்கு வணக்கம், போதகருக்கு, வந்தவர்களுக்கு; அதற்கே இரண்டு நிமிடம் போய்விடும். அதற்குப் பிறகு மிக முக்கியமானது: நான் பேசப்போவதில் பிழை இருந்தால் அதை எறிந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள். கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும், பள்ளிக்கூடத்து விழாவானாலும், அதைச் சொல்லாமல் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. முடிக்கும்போது இன்னொரு தடவை சொல்லாமல் உட்காருவதுமில்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து நாக்கில் இருப்பது அது. பெரிய மனிதர்களே சொல்வார்கள். பெரிய மனிதர்கள்தான் இன்னும் நீட்டிச் சொல்வார்கள்.

ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். இரோய்ஜைப் பார்த்துத் தலை தாழ்த்தினாள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம் சொன்னாள். அடுத்து அந்த வாக்கியம் தானாகவே நாக்குநுனிக்கு வந்து நின்றது, இருட்டிலும் காலுக்குத் தெரிந்த வாசல்படி மாதிரி.

அப்போது அவளுக்கு அம்மா நினைவுக்கு வந்தாள். சாம்பல் விழுந்த மூன்றாம் நாள் கப்பலில் ஏற்றி, சிப்பாய்களுக்கு முன்னால் பெண்களை உடுப்பைக் கழற்றச் சொல்லித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். தோலெல்லாம் வெந்து, முடி கொத்துக் கொத்தாக உதிர நின்ற அம்மா, தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்த சிப்பாயிடம், தன் நிர்வாணத்துக்காக மன்னிப்புக் கேட்டாள். அந்த வாக்கியத்தையே சொல்லிக் கேட்டாள். பிறகு வருடா வருடம் மருத்துவர்களிடம், ஊசி போடும்போது என் பிள்ளை அழுகிறாள், மன்னித்துவிடுங்கள் என்றாள். நெய்லாவின் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியவர்களிடம்கூட, இவ்வளவு தூரம் சுமக்க வைத்துவிட்டோம், மன்னித்துவிடுங்கள் என்றாள்.

தொமிகோ வாயை மூடிக்கொண்டாள். வாக்கியத்தை விழுங்கினாள். பிறகு நேராகச் சொன்னாள்:

"என் தங்கச்சி பேரு நெய்லா. பதினாறு வயசுல அவளை அழைச்சிட்டுப் போனாங்க. பெட்டியில அனுப்பிவச்சாங்க. முழுசா அனுப்பல. எங்களைக் கேக்காம அவகிட்டேருந்து எடுத்து வச்சிருக்கறது அந்த நாட்டுல இருக்கு. நீங்கல்லாம் பெரிய ஒப்பந்தம் எழுதறீங்க. பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவின்னு அதுல ஒரு பிரிவு இருக்குன்னாங்க. எனக்கு உதவி வேணாம். என் தங்கச்சி வேணும். எடுத்தவங்க இந்த அறைக்கு ஒரு ஆளை அனுப்பியிருக்காங்க. அவர்கிட்ட கேக்கறேன். குடுங்க."

முடிவிலும் சொல்லவில்லை. திரும்பி நடந்தாள்.

பின்வரிசை விறைத்துப்போயிருந்தது. பெர்னிஸ் மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். போதகர் கைக்குட்டையால் வாயை ஒற்றினார். இரோய்ஜ் கண்ணைத் திறந்து, அவள் தன் இடத்துக்குப் போகும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்கூடத்தில் நின்று துணியை அவிழ்த்திருந்தாலும் அவளுடைய ஆட்கள் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்கள். இதெல்லாம் தொமிகோ எதிர்பார்த்ததுதான். அவள் எதிர்பாராதது வேறு. வெளிநாட்டுக்காரர்கள் நெகிழ்ந்திருந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். விட்லக் வலது கையை நெஞ்சின் மேல் வைத்து அவளை நோக்கித் தலையைச் சாய்த்தான்.

தேநீர் இடைவேளையில் அவனே தேடிக்கொண்டு வந்தான். தொமிகோ டோனட் தட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் பேசினான். ஹாரியட் வந்து சேர்ந்ததும் நிறுத்தி, முதலிலிருந்து பேசினான். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

ஹாரியட் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "உங்க தங்கச்சியைப் பத்தி அவரே விசாரிக்கிறாராம், பெரிம்மா. உறுதியா எதுவும் சொல்ல முடியாதாம். ஆனா நேரடியா எழுதிக் கேக்கறாராம்."

இத்தனை வருடத்தில் ஒருவன்கூட, கேட்கிறேன் என்று சொன்னதில்லை. தொமிகோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவன் பேசிய நீளத்துக்கு ஹாரியட் சொன்னது குறைவாக இருந்தது. சந்தையில் பேசுமளவுக்குத் தொமிகோவுக்கும் ஆங்கிலம் தெரியும். சாரி என்ற சொல்லை அவன் இரண்டு தடவை சொன்னது காதில் விழுந்திருந்தது. அதைத் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை, அவளைக் காட்டிச் சொன்னான்.

"மிச்சத்தையும் சொல்லு."

"அவ்வளவுதான்."

"ஹாரியட்."

ஹாரியட்டின் கழுத்து சிவந்தது. "உண்மையில மன்னிப்புக் கேக்கவேண்டியது நீங்க இல்லையாம். ஆனாலும் நீங்க அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டீங்களே, அது அவரை உலுக்கிடுச்சாம். இவ்வளவு பெரிய மனசை அவர் எங்கயும் பாத்ததில்லையாம். அதை அப்படியே தலைநகரத்துக்கு எழுதப் போறாராம். அதனாலதான் தங்கச்சி விஷயத்தையும்..."

"நான் எப்ப மன்னிப்புக் கேட்டேன்?"

விட்லக் புன்னகையோடு இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றான். தொமிகோ ஹாரியட்டின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். கூடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிறுத்தினாள். வெக்கை முகத்தில் அறைந்தது. உள்கடல் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

"நான்தான் சேத்தேன்," என்றாள் ஹாரியட். "ஆரம்பத்துலயும் முடிவுலயும். நீங்க படபடப்புல மறந்துட்டீங்கன்னு நெனச்சேன், பெரிம்மா. இரோய்ஜ் உக்காந்திருக்காரு, போதகர் இருக்காரு. மன்னிப்புக் கேக்காமப் பேசினா நம்மளை வளத்த வளப்பு இவ்வளவுதானான்னு..."

"இங்கிலீஷ்ல கேக்கறவனுக்கு நம்ம வளப்பைப் பத்தி என்ன தெரியும்? இரோய்ஜ் உன் இங்கிலீஷைக் கேட்டாரா?"

"வாயில தானா வந்துடுச்சு."

"எனக்கும் வாயில வந்துச்சு. நான் முழுங்கினேன்."

ஹாரியட் நிமிர்ந்து பார்த்தாள். "வேணும்னேயா?"

"வேணும்னேதான்."

"அதை நான் எப்படி அவங்களுக்குச் சொல்றது?" ஹாரியட்டுக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. "நீங்க சொன்னதைச் சொல்லலாம். சொல்லாம விட்டதை எந்த மொழியில சொல்றது? அவங்களுக்கு அங்க ஒரு வாக்கியம் இருந்திருக்கணும்னே தெரியாது. உங்க கோபம் அவங்களுக்குக் கேட்டே இருக்காது, பெரிம்மா. நம்ம ஆளுங்களைத்தான் அறைஞ்சீங்க."

அது உண்மை. உண்மை என்பதால் தொமிகோவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கோபத்தை ஒரே ஒரு மௌனத்தில் வைத்தாள். வைக்கவேண்டிய இடத்தில் அது போய்ச் சேரவில்லை. போனவழியில் அதை மடித்து, ரிப்பன் கட்டி, எதிராளியின் கையில் பரிசாகக் கொடுத்தாகிவிட்டது.

பிலிப்பா தேடிக்கொண்டு வந்தாள். கையில் தொலைபேசி. ஒலிவாங்கியின் முன்னால் தலைதாழ்த்தி நிற்கும் தொமிகோவின் படம் அதில் இருந்தது. "உலகம் முழுக்கப் பாக்கறாங்க," என்றாள். கீழே எழுதியிருந்ததை ஹாரியட் தயங்கித் தயங்கிப் படித்தாள்: அணுகுண்டுக்குத் தப்பிய பெண், குண்டு வைத்தவர்களிடமே மன்னிப்புக் கோரிய கணம். இதயக் குறிகள் வந்து குவிந்துகொண்டிருந்தன.

நடந்ததைக் கேட்டதும் பிலிப்பாவின் முகம் மாறியது. பிறகு மெதுவாக, கவனமாகப் பேசினாள். திருத்தம் வேண்டுமென்றால் எழுத்தில் கொடுக்கலாம், கூட்டம் முடிந்தபின் குறிப்பில் சேர்ப்பார்கள். ஆனால் இப்போது மறுத்தால், இவர்களுக்குள்ளேயே குழப்பம் என்பார்கள். "அதோட அந்த ஆள் கேக்கறேன்னு சொல்லியிருக்கார், தொமிகோ. முதல் தடவையா ஒரு கதவு திறந்திருக்கு. எதனால திறந்துச்சுங்கறது முக்கியமா?"

பெர்னிஸும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாகத் தொமிகோவைத் திட்டினாள். இரோய்ஜ் முன்னால் இப்படி நடந்துகொள்ள எப்படித் துணிந்தாய், உன் அம்மா இருந்திருந்தால் செத்திருப்பாள் என்றாள். பிறகு விஷயம் புரிந்ததும் வாயில் கைவைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நீ விட்டதை அவ போட்டாளா? கடவுள் இருக்காருடி." சிரிப்பு அடங்கியதும் தொமிகோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடு. ஒரு வார்த்தைதானே, போனாப் போகுது. நாம ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம், கோழிக்கிட்டகூடச் சொல்றோம். நெய்லா வரட்டும். வந்தா உள்ள வச்சு மூடி, கல்லைப் பரப்பிட்டு, அப்புறம் அவனை நாள் பூராத் திட்டு. நானும் கூட நின்னு திட்றேன்."

பெர்னிஸ் சொன்னதில் தவறே இல்லை என்று தொமிகோவுக்குத் தோன்றியது. நெய்லாவின் குழிமேட்டை நினைத்தாள். ஒரு பொய்யை விழுங்கினால் போதும். விழுங்குவது அவர்களுக்குப் புதிதல்ல. விட்லக் எழுதுவான். எங்கோ ஒருவர் அதைப் படித்து, இந்தப் பண்புள்ள கிழவிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைப்பார். தங்கை வந்துவிடக்கூடும். பெருமனதுக்குக் கொடுத்த வெகுமதியாக வருவாள். அதைக் கொண்டுவந்து இறக்குகிறவர்களிடம், இவ்வளவு தூரம் சுமக்க வைத்துவிட்டோம் என்று யாராவது மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். அப்போதும் படம் எடுப்பார்கள்.

"எம் பொருளை எங்கிட்ட குடுக்க நான் ஏன் நல்லவளா இருக்கணும்?" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிலிப்பாவுக்கு அதை ஹாரியட் மாற்றிச் சொல்லவுமில்லை.

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள், ஹாரியட் தன் கண்ணாடி அறைக்கு. அடுத்த அமர்வு கதிர்வீச்சும் கடல்வளமும் பற்றியது. மேடையில் மூன்று நிபுணர்கள் காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தொமிகோ தன் இருக்கைக்குப் போகவில்லை. பக்கவாட்டு வழியாக நடந்து, காலியாக இருந்த ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றாள்.

தலைமை தாங்கிய தூதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பேச்சாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்றும், காலையில் அவர் ஆற்றிய மறக்க முடியாத உரைக்கு நன்றி என்றும், தயவுசெய்து இருக்கையில் அமரவேண்டும் என்றும் மிகவும் பணிவாகச் சொன்னார். அவள் நகரவில்லை. காவலர் ஒருவர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். அவர் அவர்கள் தீவுக்காரர். முன்வரிசையில் இரோய்ஜ் நாற்காலிக் கைப்பிடியிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். காவலர் வந்த வழியே பின்னால் போனார். இரோய்ஜ் விரலைத் தூக்கியது அவளுக்கு ஆதரவாகவா, அல்லது செய்வதை எல்லாம் செய்து முடிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றா என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் அந்தப் பக்கம் பார்க்கவுமில்லை.

"காலையில நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கல," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "உங்க காதுல விழுந்தது என் வார்த்தை இல்ல. நாங்க எப்பவும் பேசறதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேப்போம். அது எங்க மரியாதை. எங்க அம்மா அதை உங்க சிப்பாய்கிட்ட சொன்னா. உங்க டாக்டர்கிட்ட சொன்னா. நான் இன்னைக்கு வேணும்னே சொல்லல. சொல்லவும் மாட்டேன். நெய்லாவைக் குடுத்தாலும் சொல்ல மாட்டேன், குடுக்காட்டியும் சொல்ல மாட்டேன். அவ உங்களோட பொருள் இல்ல. நான் நல்லவள்னு குடுக்காதீங்க. எடுத்தீங்க, அதனால குடுங்க."

முடித்தபோதுதான் கூடம் அமைதியாக இருப்பதைக் கவனித்தாள். அந்த அமைதி வித்தியாசமாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எதுவும் கேட்காமல் காதுக் கருவியைத் தட்டிப் பார்த்தார்கள், குமிழைத் திருகினார்கள். ஒருவர் பின் ஒருவராக நாற்காலியில் திரும்பி, கூடத்தின் கோடியில் இருந்த கண்ணாடி அறையைப் பார்த்தார்கள். விட்லக்கும் திரும்பினான். திரும்பிய வேகத்தில் தலைமாலை நழுவிக் காதோரம் தொங்கியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் ஹாரியட் இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். உதடு அசையவில்லை. பின்வரிசையில் பெர்னிஸ் எழுந்து நின்றாள். எதற்கு நின்றோம் என்று தெரியாதவள்போல் சால்வையை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஒலிவாங்கிக்கு மிக அருகில், ஏதோ ஒரு நாட்டின் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நரைத்த பெண் ஒருத்தி, தன் காதுக் கருவியைக் கழற்றினாள். அதைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, கம்பி எட்டுகிற மட்டும் நீட்டி, தொமிகோவிடம் கொடுத்தாள்.

தொமிகோ அதை வாங்கிக் காதில் வைத்து அழுத்தினாள். முதலில் வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து, மிகப் பக்கத்தில், தன் கழுத்துக்குப் பின்னாலேயே நிற்பதுபோல, ஹாரியட் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.